இருபது மில்லிக்குள்

கருப்பூர் வெள்ளைக்கல் மேட்டுக்குப் பின்னால்
எங்கள் கம்பெனி. ரப்பர் குண்டு.
ஆளைக் கொல்லாது என்று
பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

ஒவ்வொரு பேட்சிலும் ஐந்தை எடுத்துக்
களிமண் பலகையில் சுடுவார்கள்.
குழியில் அளவுகோல் இறக்குவது என் வேலை.
இருபது மில்லிக்குள் என்றால் பாஸ்.
பிறகு கட்டைவிரலால் அழுத்தி மூடிவைப்பேன்,
அடுத்த குண்டுக்கு.

சித்திரையில் ஏ.சி. நின்றுபோனால்
மண் இளகிப் பொய் சொல்லும்.
அன்றைக்குச் சோதனை கிடையாது;
சேர்வராயனைப் பார்த்தபடி
இரண்டு டீ.

நேற்று ஓமலூர் மறியலுக்குப் போன தம்பி
கைலியை விலக்கித் தொடையைக் காட்டினான்.
ஊதா வட்டம், நடுவில் கறுப்பு.
என் கட்டைவிரல் தானாகப் போய்
அதன்மேல் அமர்ந்தது.

"எத்தனை மீட்டர்ல இருந்து சுட்டாங்க?"

மாதையன் என்னையே பார்த்தான்.
"வலிக்குதுக்கா,
விரலை எடு."