பத்து மதிப்பெண் வினா

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும்
சிவக்கொழுந்துக்கு நான் கைடு எழுதித் தருகிறேன்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் தவறாமல் வருகிறது,
சம்பளம்தான் ஏப்ரலோடு நின்றுவிட்டது.

இந்தப் பருவத்துக்கு ஒரு பழைய ஆங்கில நாடகம்.
‘சமூக, வரலாற்றுப் பின்னணியை விளக்குக.’
வருஷா வருஷம் கேட்கிறார்கள்.
எழுதினேன்:
மாவு பூசிய டோப்பாக்கள்,
காப்பிக் கடையில் பிறந்து
பொழுது சாய்வதற்குள் ஊர் சுற்றிய வதந்திகள்,
சீட்டாட்டக் கடன், சீதனக் கணக்கு,
உச்சி மாடத்தில் ஒரு ஷில்லிங்குக்கு உட்கார்ந்து
ஆரஞ்சுத் தோலை மேடைமேல் எறிந்த ஜனங்கள்.
மூன்றரைப் பக்கம்.

மூன்றாம் அங்கத்தில் மாமா வருகிறார்,
இந்தியாவில் இருந்து.
நாடகம் சொல்வது அவ்வளவுதான்.
வந்த கையோடு மருமகன் கடனை அடைக்கிறார்,
அடகு வைத்த வீடு மீள்கிறது,
முறிந்த கல்யாணம் கூடுகிறது,
சிரிப்பு, திரை.

“மிஸ், அவருக்கு அவ்ளோ காசு
எந்த ஊர்ல வந்துச்சு?”
கடைசிப் பெஞ்சுத் திலகவதி கேட்டாள்.
ஜன்னல் கொக்கியைக் கடற்காற்று தட்டிக்கொண்டிருந்தது.
‘அது பாடத்தில் இல்லை’ என்றேன்.
சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்
அவள் பெயருக்கு எதிரே, ஊர்:
குண்டு உப்பலவாடி.

குண்டு.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை
விலைக்கு வாங்கியது கும்பெனி.
சுற்றுநிலம் எவ்வளவு என்று அளக்க
சங்கிலி வரவில்லை, கணக்குப்பிள்ளை வரவில்லை.
பீரங்கியைத் திருப்பித் திருப்பிச் சுட்டார்கள்,
கடல் தவிர்த்த திக்கெல்லாம்.
போய் விழுந்த இடம் வரை அவர்களுடையது.
நெல்லா, தறியா, உப்பளமா,
குண்டுக்கு என்ன தெரியும்.
இன்றைக்கும் டவுன் பஸ்ஸில்
“குண்டு சாலை இறங்கு” என்கிறார் கண்டக்டர்,
யாரும் குனிவதில்லை.

அன்றிரவு நாலாம் பக்கத்தின் பின்பாதியில் எழுதினேன்:
மாமாவின் பணத்தில் அவுரித் தொட்டி நாறுகிறது.
சாயம் முக்கியவர்களின் முழங்கை நீலம்
சோற்றில் பிசைந்தும் போகவில்லை.
முன்பணம் கொடுத்த துபாஷி
தறியிலேயே துணியை அளக்க வருவான்,
இரண்டு விரற்கடை குறைந்தால் பாதி விலை.

அப்புறம் லண்டன் தெரு.
நம் பக்கத்துச் சீட்டித் துணி உடுத்திய பெண்களை
அந்த ஊர் நெசவாளர்கள் விரட்டி விரட்டிக் கிழித்தார்கள்,
திராவகம் ஊற்றினார்கள்.
அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்கவில்லை,
அதையும் எழுதினேன்.
சட்டம் வந்தது: சீட்டி உடுத்தினால் அபராதம்.
ஐம்பது வருஷம் கழித்துத் தடை நீங்கிய புதிதில்
இந்த நாடகத்தின் வேலைக்காரி
எஜமானி கழித்துப்போட்ட சீட்டிப் பாவாடையில்
கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றுகிறாள்.
‘அரங்கம் சிரிக்கிறது’ என்று எல்லாக் கைடும் சொல்கிறது.
எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை.

சிவக்கொழுந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“டீச்சர், நல்லாத்தான் இருக்கு.
ஆனா கேக்க மாட்டான்.”
குறுக்கே ஒரு கோடு.
மூன்றரைப் பக்கத்துக்குத்தான் காசு.
அடித்த தாளின் வெள்ளைப் பக்கத்தில்
யாருடைய ஆதார் லாமினேஷன் கணக்கையோ கூட்டினார்.

மே மாதம் விழுப்புரத்தில் திருத்தும் முகாம்.
மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும்,
நின்றால் வியர்வை எழுத்தைக் கரைக்கும்.
பெயரில்லாத ஒரு விடைத்தாள், எண் மட்டும்.
டோப்பா இல்லை, காப்பிக் கடை இல்லை.
நாலே வரி:
அந்த மாமா எங்கள் ஊரில் இருந்துதான் போயிருப்பார்.
அவர் சுட்ட குண்டு எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிறது.
அவர் கடனை அடைத்தார்.
யார் கடனை என்று நாடகம் சொல்லவில்லை.

விடைக்குறிப்பைப் புரட்டினேன். இல்லை.
ஏழு போட்டேன்.
பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
எட்டாக்கினேன்.