நான்காவது கட்டம்

போதகர் தந்த தாளில் நான்கு கட்டம்.
பெயர். தேதி. இடம்: வின்னிபெக்.
நான்காவது,
இம்மாதம் எத்தனை பேருக்குச் சுவிசேஷம் அறிவித்தீர்?
அடுக்களை மேசையில் வைத்து
மூன்று நாளாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
குழம்புத் துளி ஒன்று விழுந்து
'எத்தனை'யின் மேல் காய்ந்துவிட்டது.

ஞாயிறு பிரசங்கம் உப்பைப் பற்றி.
சாரம் போனால் மிதிபடத்தான் லாயக்கு என்றார்.
என் நினைவெல்லாம் சாலை லாரியில்.
மைனஸ் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டால்
இந்த ஊரில் உப்பு வேலைக்காகாது,
மணலைத்தான் தூவுகிறார்கள்.
மணல் எதையும் உருக்காது.
ஒருவன் கால் வழுக்காமல்
கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே.
வாசல், காரின் தரை, காலுறை மடிப்பு,
மார்ச் வரை எங்கும் அது.

செவ்வாய், வியாழன், சனி
விடிய ஐந்தே காலுக்கு
எஞ்சின் சூடேற்றும் வயரைப் பிடுங்கிச் சுருட்டி
குகதாசன் அண்ணரை ஏற்றிக்கொண்டு போகிறேன்
டயாலிசிஸுக்கு.
நெற்றியில் மூன்று கோடு திருநீறு.
ஊசி ஏறி ஏறித் தடித்த கை.
குனிந்தால் மூச்சு முட்டும் அவருக்கு,
பூட்ஸ் நாடாவை நான்தான் கட்டிவிடுவது.
ஏழு மாதம்.
பேசுவது மீன் விலை, பொட்டாசியம்,
அவர் தின்னக் கூடாத வாழைப்பழம்.
இயேசு என்ற பெயர் தொண்டைவரை வந்து
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

நேற்று திரும்பும் வழியில்
மெக்ஃபிலிப்ஸ் தெருமுனையில் டயர் புதைந்தது.
காற்று காதைத் தனியே கழற்றப் பார்த்தது.
டிக்கியில் சபை கொடுத்த ஐந்நூறு துண்டுப் பிரதி,
கட்டுப் பிரிக்காமல்.
சக்கரத்துக்கு அடியில் கொடுக்கலாம் என்று
ஒரு கட்டை உருவினேன்.
எழுத வெட்கமாக இருக்கிறது. அதுதான் நடந்தது.

"நில்லும்!" என்றார் உள்ளேயிருந்து.
"சாமி எழுத்தல்லோ அது,
டயருக்குக் கீழையோ வைக்கிறீர்?"
கதவைத் திறந்து, காலைத் தூக்கி, குனிந்து,
மூச்சு முட்ட முட்ட
தன் காலடி ரப்பர் மிதியை உருவி நீட்டினார்.
அதில் ஒரு குளிர்காலத்து மணல்.
டயர் கவ்வியது.
மிதி பின்னால் பறந்து
பனிக்குவியலுக்குள் எங்கோ போய்விட்டது.

கட்டிலிருந்து நழுவிய ஈரத்தாள் ஒன்று அவர் மடியில்.
சிக்னல் சிவப்பு.
உதடு அசைய வாசித்தார்.
"உங்கட ஆள் கால் கழுவிவிட்டவராமே?"
ஆமாம்.
"எத்தினை பேருக்கு?"
பன்னிரண்டு.
"காட்டிக் குடுத்தவனுக்குமோ?"
அவனுக்கும்தான்.
பச்சை விழுந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
"கஷ்டமான வேலை," என்றார்.
பிறகு தன் பூட்ஸைப் பார்த்து,
"நீர் இதைக் கட்டுறதும் அதுக்கோ?"

ஐந்நூறு தாளிலும் அச்சான பதில்
நாக்கு நுனியில் நின்றது.
உங்களால் குனிய முடியாதே அண்ணே
என்றுதான் சொன்னேன்.
சற்றுமுன் குனிந்தவரிடம்.
"ஓம், அதுவும் சரி,"
தாளை நாலாக மடித்து
மருந்துச் சீட்டோடு சட்டைப் பையில் வைத்தார்.

இரவு கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன்.
அழித்தேன்.
யார் யாருக்கு அறிவித்தது என்று எழுத
அந்தத் தாளில் இடமில்லை.
போதகர் நல்லவர், கேட்டால் ஏதாவது சொல்வார்.
நான் கேட்கப்போவதில்லை.

நாளை சனி. வயரைச் செருகிவிட்டேன்.
புது மிதி வாங்கிப் போடுகிறேன் என்றதற்கு
வேண்டாம் என்றுவிட்டார் அண்ணர்.
ஏப்ரலில் பனி உருகும், அங்கேயே கிடக்கும்,
ரெண்டு பேருமாப் போய் எடுப்பம்.
சரி என்றேன்.
அதுவரைக்கும் அவர் கால் வைக்கும் இடத்தில்
வீட்டிலிருந்து ஒரு துவாலை
கொண்டுபோய் விரித்திருக்கிறேன்.