பெருக்கல் குறி

மார்ச் வெள்ளம் செலே ஆற்றங்கரையில்
ஒரு பாப்ளார் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது,
அதன் பட்டையில் வெள்ளையும் சிவப்புமாய்
நடப்பவர்க்கு வழி சொல்லும் இரு கோடுகளோடு.
இரண்டு வளைவு தள்ளி
கிஸ்லேனின் கொல்லையில் கொண்டுவந்து செருகியது.

அன்றிலிருந்து வருகிறார்கள்.
முதுகுப்பை, ஊன்றுகோல், சேறு அப்பிய பூட்ஸ்.
கோழிகளுக்கு நடுவே நின்று
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.
நாய்கூடக் குரைத்து ஓய்ந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் வந்தான் தியெபோ,
பாதைச் சங்கத்துக்காரன், கையில் பெயின்ட் டப்பா.
கோடுகளின் மேல் பெருக்கல் குறி போடவேண்டும்:
இது வழியல்ல.

அவள் பால்வாளியைக் கீழே வைத்தாள்.
"முந்தாநாள் ராத்திரி ஒருத்தி வந்தாள்,
லியோன்காரி.
கன்று பின்னங்காலை முதலில் நீட்டிக்கொண்டிருந்தது.
சட்டைக்கையை மடித்துவிட்டு
என்னோடு சேர்ந்து இழுத்தாள்.
பெயர் கேட்க மறந்துபோனேன்."

தியெபோ கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான்.
காதில் இன்னும் எண் குத்தாத கன்று
அவன் தூரிகையை முகர்ந்தது,
மூக்கில் கொஞ்சம் சிவப்பு.

"அப்படியென்றால் அந்தக் கம்பி வேலியில்
ஒரு திறப்பு வைக்கவேண்டியிருக்குமே" என்றான்
டப்பாவை மூடியபடி.

"போய்ப் பார்" என்றாள்.
வெட்டின இடத்தில் கம்பி
ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது.