ஏழாவது கம்பி

மொன்டானாவில், கிளென்டைவுக்கு வடக்கே,
கிழங்கு வயல்கள் இறுகிக் கிடக்கும் மாதம்.
எண்பத்தொன்பதாம் வருடத்து ஷெவர்லே
சாவியைத் திருப்பியதும் எழுந்துவிடுகிறது.
எழுந்த பிறகுதான் தகராறு.
நின்ற இடத்தில் நின்று உதறுகிறது.
பக்கக் கண்ணாடியில் களஞ்சியம் இரண்டாக ஆடுகிறது.
டாஷ்போர்டில் வைத்த காப்பிக் குவளை
விளிம்பை நோக்கி நடந்துபோகிறது.

எட்டில் ஒன்று மட்டம் போடுகிறது.
புகைக்குழாய்க்குப் பின்னால் கையை நீட்டினால் தெரியும்:
தட்டித் தட்டி வருகிற சூட்டில்
ஓர் இடம் மட்டும் வெறுமை.
பல் விழுந்த குழிக்கு நாக்கு போவதுபோல
உள்ளங்கை அந்த இடத்துக்கே காத்திருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்விட் சொன்னார்:
"தண்ணீர். பெட்ரோலில் தண்ணீர்."
உதிரிபாகக் கடை மார்லிஸ்: "எங்கேயோ காற்று இழுக்குது."
மைத்துனன் போனில், பார்க்காமலே: "வித்துடு."

காற்றிலிருந்து ஆரம்பித்தேன்.
ரப்பர் குழாய்களின் மூட்டு மூட்டாக
கிளீனரைப் பீய்ச்சிவிட்டுக் காதைக் கொடுத்தேன்.
விரிசல் இருந்தால் இஞ்சின் ஒரு கணம் நிமிரும்.
நிமிரவில்லை.
பெட்ரோலை ஜாடியில் பிடித்து
ராத்திரி முழுக்கத் தெளியவிட்டேன்.
ஆர்விட் சொன்ன தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

பிறகு கம்பிகள்.
ரப்பர் பிடி போட்ட இடுக்கியால்
ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன்.
ஒன்றைக் கழற்றினேன், வண்டி தடுமாறியது. சரி.
மூன்றைக் கழற்றினேன், தடுமாறியது. சரி.
ஐந்துக்குக் கிட்டத்தட்ட நின்றேவிட்டது.
தலைகீழ்க் கணக்கு இது:
யார் போனால் வலிக்கிறதோ
அவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

ஏழைக் கழற்றினேன்.
ஒன்றுமே ஆகவில்லை.
அதே உதறல், அதே நொண்டல்.
இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

கோபம் வந்தது, பொய் சொல்வானேன்.
சர்க்கரை ஆலையில் இரண்டாம் ஷிப்டில்
ரோலண்ட் என்று ஒருவன்.
பெல்ட் நின்றாலும் ஓடினாலும்
அதே தூணில் அதே சாய்வு.
அவன் ஞாபகம்தான் வந்தது.

ஏழைக் குற்றம் சொல்வது சுலபம்.
பிளக்கை மாற்றினேன். புதுசு, இடைவெளி அளந்து வைத்தது.
மாறவில்லை.
அழுத்தம் பார்த்தேன். முள் நூற்றைம்பதுக்கு ஏறி
அசையாமல் நின்றது.
ஆள் ஆரோக்கியம்.
பிறகு ஏன்?

ஷெட்டில் விளக்கை அணைத்தேன்.
வெளியே மைனஸ் இருபது, உள்ளே இஞ்சின் சூடு.
செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால்
கம்பிகள்மேல் பனிமூட்டம்போல் தண்ணீர் விட்டேன்.

தெரிந்தது.
நீலமாக, நகக்கண் அளவு,
'டிக்' என்று ஒரு சத்தத்தோடு
ஏழாவது கம்பியிலிருந்து ஐந்தாவது கம்பிக்குத் தாவியது.
மறுபடி. மறுபடி.
ஏழுக்கு என்று புறப்பட்டதெல்லாம்
வழியிலேயே பக்கத்துக்காரனுக்குப் போய்விடுகிறது.
ஐந்துக்கு அது தேவையும் இல்லை,
இப்போதுதான் அது எரிந்து முடித்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது
ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டை.
இறுக்கமாக, வால் நறுக்கி, ஒழுங்காக.
போன அக்டோபரில், அறுவடை நடுவே,
"இப்படித் தொங்குதே, அசிங்கமா" என்று
கட்டினவள் நான்தான்.
பதினாலாயிரம் மைல் ஒன்றையொன்று உரசி
தோல் தேய்ந்திருக்கிறது.
முடித்ததும் ஓரடி தள்ளி நின்று
அழகு பார்த்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

பட்டையை வெட்டினேன்.
புதுக் கம்பிகள் நாற்பத்தொரு டாலர்,
நடுவே சீப்புப் பல்போல ஒரு தடுப்பு.
அசிங்கமாகத் தொங்குகின்றன, தனித்தனியாக.
குவளை வைத்த இடத்தில் இருக்கிறது,
காப்பியின் மேல் மட்டும் மெல்லிய வளையங்கள்.

திங்கட்கிழமை ரோலண்டைப் பார்ப்பேன்.
என்ன கேட்பது என்று தெரியவில்லை,
ஒருவேளை அவன் சோம்பேறியாகவும் இருக்கலாம்.

ஆர்விட் வேலியோரம் நின்று
இஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.
"தண்ணீர்தானே?" என்றார்.
கையில் தெளிப்பு பாட்டில் இன்னும் இருந்தது.
"தண்ணீர்தான்" என்றேன்.