பேர் விழாத நாள்

மஞ்சள், ஊதா, செம்மஞ்சள்:
நாற்பத்தேழாயிரம் ஓம்.
எங்கள் காம்பராவின் மங்கல் பல்பில்
செம்மஞ்சளும் சிவப்பும் ஒன்றுதான்.
ரெசிஸ்டர்களை உள்ளங்கையில் ஏந்தி
வாசலில் நின்றேன்
பனி விலகும்வரை.

பெட்டிக்குப் பிஸ்கட் தகரம்.
மூடியில் ஒரு சிறுமி
கடித்த பிஸ்கட்டோடு சிரிக்கிறாள்.
அவள் காதோரம் துளை போட்டு
சிவப்பொன்று வெள்ளையொன்று சொக்கெட்,
ஜோடி சேராத தோடு.

தட்டு வெட்டுகிறவன்
கனத்த ஒலியைக் குறைத்து வெட்டுவான்,
கீச்சொலியைக் கூட்டி வெட்டுவான்.
குறைத்ததைக் கூட்ட, கூட்டியதைக் குறைக்க
இந்தப் பக்கம் ஒரு பெட்டி.
இதைச் சொன்னபோது யோகமணி கேட்டாள்:
கொழுந்து மடுவத்துத் தராசுக்கும்
இப்படி ஒன்று செய்ய ஏலாதா?

கரண்டே வேண்டாமென்று
ஒன்பது வோல்ட் பாட்டரி இரண்டு வைத்தேன்.
அப்படியும் இரைந்தது.
குளவிக்கூடு வளர்க்கிறியா என்றான்
பக்கத்துக் காம்பரா அந்தோனிமுத்து.
காதைச் சுவரில் வைத்துக் கண்டுபிடித்தேன்.
இஸ்டோரில் வாட்டுமாடி விசிறிகளுக்குப் போகும் வயர்
லயத்தின் பின்சுவரை உரசிப் போகிறது.
ஆறு மணிக்கு அவற்றை ஓடவிட்டு வருகிறவன்
நான்தான்.

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித்தாள்,
கிழிசலென்று கழித்தது,
மடித்துச் சட்டைக்குள் கொண்டுவந்து
தகரத்துக்கு உள்சட்டை போட்டேன்.
அதில் ஈயம் பிடிக்காது.
திருகாணி முறுக்கி எர்த் கம்பி கட்டினேன்.
பாதி அடங்கியது.
மீதிப் பாதியோடு
மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை
பிரட்டுக்கு ஒருவரும் போகவில்லை.
சம்பளம் கேட்டு
கொழுந்தை மரத்திலேயே விட்டாயிற்று.
விசிறி ஓடவில்லை.
யாருக்கும் பேர் விழாது இன்று.

தட்டு, தலவாக்கலையில்
பழைய இரும்புக்காரனிடம் எடுத்தது.
நடுத்தாளை ஈரம் தின்றிருந்தது.
ஊசியை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாதது இத்தனை அகலமென்று
அதுவரை தெரியாது.
பிறகு ஒரு மூச்சு இழுபட்டது,
சீவாளி நனைந்தது,
நாகஸ்வரம் எழுந்து
கூரைத் தகரத்தைத் தொட்டது.
கூட்டத்தில் யாரோ இருமினார்.

யோகமணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

தட்டுக்குள்ளே, என்றேன்.
யாரு?
பேர் இல்லை.
அவருக்குமா? என்றாள்.

எழுந்துபோய் அரிசி வாளியை
மூடி திறந்து பார்த்தாள்.
எத்தனை நாளைக்கென்று சொல்லவில்லை.
வந்து உட்கார்ந்து
மறுபக்கத்தைப் போடு என்றாள்.

வெள்ளிக்கிழமை நானே போய்
விசிறிகளை ஓடவிட்டேன்.
கேட்டதில் கால்வாசி கிடைத்ததாம்.
வீட்டுக்கு வந்தால்
எனக்கு முன்னே வந்து உட்கார்ந்திருக்கிறது
இரைச்சல்.
எர்த் கம்பியை அடுத்த திருகாணிக்கு மாற்றினேன்.
இன்னும் கொஞ்சம் குறைந்தது.
அந்த இருமல் எந்த இடமென்று
தெரிந்தவருக்குக் கேட்கும்.