மழை நாள் கழிவு

மாதக் கடைசி வெள்ளி. சம்பளப் பட்டியல் போடுகிறேன்.
உவெல்வாவில், பைன் காடு முடிந்து
பிளாஸ்டிக் கூடாரங்கள் தொடங்குமிடம்.
சரக்குப் பெட்டியை வெட்டிச் செய்த அலுவலகம்,
ஒரு சன்னல், ஒரு மின்விசிறி, நான்.

மொத்தம் நூற்று நாற்பத்தாறு பேர்.
பேருக்கான கட்டம் சின்னது,
ஆகவே எண்.

ருமேனியர் முப்பத்தொருவர். போன வருஷம் அறுபது;
ஜெர்மனியில் மணிக்கு இரண்டு யூரோ கூடுதலாம்.
மாலிப் பையன்கள் பதினாறு.
அவர்களோடு இன்னும் சிலர் பறிக்கிறார்கள்,
காகிதம் இல்லாதவர்களை நான் எண்ணுவதில்லை.
டிராக்டர்காரர் மூவர், மேஸ்திரி அன்செல்மோ, நான்:
உள்ளூர்.
மிச்சம் தொண்ணூற்று நான்கும் மொராக்கோப் பெண்கள்.
வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால்தான் எடுப்போம்.
பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும்.
வங்கியில் இதற்கு ஈடு என்று பேர்.

நாள் கூலி ஐம்பத்தைந்து.
பழம் சிவக்காத நாளுக்குக் கிடையாது,
மழைக்குக் கிடையாது.
மெத்தை, பேருந்து, சமையல்வாயுவுக்குப் பிடித்தம்.
நசுங்கிய பழமும் கழிவு, கூலியில் பிடிப்பதும் கழிவு;
ஒரே சொல்லை இரண்டு பேரேட்டிலும் எழுதிப்
பழகிவிட்டது கை.
என் சம்பளம் மழையில் நனையாது.

எண்பத்தெட்டு சன்னலுக்கு வந்தாள்.
கையெழுத்துப் போடவில்லை.
காலிப் பால் அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
ஊக்கால் குத்திய ஓட்டைகள்,
நாளுக்கு ஒன்று.
என் திரையில் பதினேழு,
தொள்ளாயிரத்து முப்பத்தைந்து.
அவள் அட்டையில் பதினெட்டு.

அவளுக்குத் தெரிந்த ஸ்பானியம் முப்பது சொல் இருக்கும்,
பாதி எண்கள்.
எண்களில் ஒரு பிழையும் இல்லை:
பன்னிரண்டாம் தேதி. ஆறு மணிக்குப் பேருந்து.
மழை. பதினொன்று வரை கூடாரத்தில் நின்றது.
அப்புறம் மூன்று வரிசை.

அன்செல்மோ அந்த நாளுக்கு எழுதியிருந்தது ஒரே சொல்: மழை.

லாரிச் சீட்டைத் தேடினேன். தேடியிருக்க வேண்டியதில்லை.
பன்னிரண்டாம் தேதி பிற்பகல்
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி பண்ணையை விட்டுப் போயிருக்கிறது,
முதல் தரம், பெர்பின்யான் சந்தைக்கு.
மழை பறித்து அடுக்கியிருக்கும் போல.

பதினேழை அழித்துப் பதினெட்டு ஆக்கினேன்.
பெயர் கேட்டேன், எதற்கென்று தெரியாமலே.
இத்தோ, என்றாள்.
கட்டத்துக்குள் தாராளமாக அடங்கியது.

அவள் நகரவில்லை.
பால் அட்டையைப் பின்னால் நின்றவளிடம் நீட்டினாள்,
அவள் வாங்கவில்லை. அவளிடம் சொந்தமாக ஒன்று இருந்தது:
தலைத்துணி ஓரத்தில் முடிச்சுகள்.
அதற்கும் பின்னால் ஒருத்தி
முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்,
பேனாக் கோடுகள்.

மணி ஒன்றாகிவிட்டது.
ஒரு மணிக்குச் சன்னலை மூடலாம் என்று விதி இருக்கிறது.
அன்செல்மோவின் கார் சரளைக் கல்லில் திரும்பும் சத்தம்.

எண்பத்தொன்பது, என்று கூப்பிட்டேன்.