முப்பதாம் தேதி வரை

குதைபியாவில் மூன்றாம் மாடி.
ஏழு பேருக்கு ஒரு ரூட்டர்.
எனக்கு மேல்கட்டில்.
அதில் நான், தலையணை, சார்ஜர்,
நாலு சட்டை உள்ள ஒரு பை.
இன்னொரு பொருள் வந்தால்
நான் காலை மடக்க வேண்டும்.

அதனால் மேகத்தில் விளையாடுகிறேன்.
மாதம் மூன்றரை தினார்.
மே தொடங்கினால் ஐந்து மாதம்
ஒரு துணுக்கு மேகம்கூட எட்டிப்பார்க்காத ஊரில்
அந்தப் பெயரைச் சொல்லவே சிரிப்பு வரும்.
போன் போதும்,
பிடித்துக்கொள்ள ஒரு கன்ட்ரோலர் போதும்,
இருநூறு ஆட்டம் என்னோடு படுத்திருக்கும்
இடம் கேட்காமல்.

கீழ்க்கட்டில் மரியநேசன் வேறு ரகம்.
ஈசா டவுன் சந்தையில் பழைய கன்சோல் ஒன்றை
இருபத்தெட்டு தினாருக்குப் பேசி முடித்து
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.
கூடவே ஒரே ஒரு டிஸ்க்.
கீறலில் பற்பசை தேய்த்து, பனியனால் துடைத்து,
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துச் சொன்னான்:
"இது என்னுது. எவனும் திருப்பிக் கேக்க முடியாது."

உள்ளே போட்டான்.
அப்டேட், முப்பத்தெட்டு ஜிபி.

இரண்டு ராத்திரி இறங்கியது.
நைனா முகம்மதின் மகள் திரையில்
வாப்பா என்று சொல்ல வாய் திறந்தபடியே
உறைந்து நின்றாள்.
மூன்றாம் ராத்திரி ரூட்டரைப் பிடுங்கித்
தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார் நைனா.
காசு கொடுத்து வாங்கினதும்
வெளியே யாரிடமோ அனுமதி கேட்குதே என்றேன்.
மரியநேசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

என் பாடும் பெருமைக்கில்லை.
வெள்ளி மாலை எல்லோரும் ஊருக்குப் பேசும் நேரம்
நான் அமுக்கிய பொத்தான்
கடலுக்கடியில் எங்கோ போய்ச் சேதி சொல்லித்
திரும்புவதற்குள்
பந்து வலையில் கிடக்கும்.
அதற்கப்புறம் பாய்வான் என் கோல்கீப்பர்,
எவ்வளவு அழகாகப் பாய்வான்!

அதிகாலை மூன்று மணிக்குத்தான் எல்லாம் வழுக்கும்.
பகலெல்லாம் ஓட்டல் படுக்கைவிரிப்புக்கு
இஸ்திரி போடுகிறவன்
அந்த நேரம் ஒரு துறைமுகம் கட்டினேன்.
பதினோரு மாதம்.
நாற்பது கிரேன், ஒரு கலங்கரை விளக்கம்.
கப்பலுக்கெல்லாம் நானே பேர் வைத்தேன்.
ஒன்றுக்கு மட்டும், யாரிடமும் சொல்லாத ஒரு பேர்.

ஒருநாள் மூலையில் சின்ன எழுத்து:
இந்த ஆட்டம் முப்பதாம் தேதி வரை.
காரணம் இல்லை.
ஒன்றாம் தேதி துறைமுகம் இல்லை.
மூன்றரை தினார் மட்டும்
சொன்ன நேரத்துக்குப் போனது.

மரியநேசன் சிரிப்பான் என்று பார்த்தேன்.
அவன் வேறொரு குறுஞ்செய்தி படித்துக்கொண்டிருந்தான்.
கம்பெனி விசாவைப் புதுப்பிக்கவில்லை.
அவனுக்கும் ஒரு தேதி போட்டிருந்தது.

கைத்தராசில் அவன் பெட்டி மூன்று தரம் தொங்கியது.
முப்பது கிலோவுக்குள் கன்சோலா, பால்பவுடரா?
வந்த சந்தைக்கே திரும்பிப் போனது கன்சோல்,
பன்னிரண்டு தினாருக்கு.
நஷ்டம்தான்,
ஆனாலும் அவனால் விற்க முடிந்தது.
என் பதினோரு மாதத்துக்கு
யார் விலை சொல்வார்?

டிஸ்க்கைக் கடைக்காரன் தொடவில்லை. கீறல்.
என் தலையணைக்கடியில் சொருகிவிட்டுப் போயிருந்தான்.

எனக்குச் சொந்தமான முதல் ஆட்டம்.
அதைப் போட என்னிடம் ஒரு பெட்டி இல்லை.
ஏசி மேல் புறா உட்காராமலிருக்கக்
கட்டித் தொங்கவிடக் கேட்டார் நைனா.
தரவில்லை.
குளியலறையில் ஆள் இருக்கும் காலைகளில்
அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்குகிறேன்.
மூக்கு இருக்கும் இடத்தில் ஓட்டை.

நேற்று கீழ்க்கட்டிலுக்கு வந்தவன்
செருப்பைக் கழற்றுமுன் கேட்டான்,
"அண்ணே, வைஃபை பாஸ்வேர்டு?"
சொன்னேன்.
வெள்ளி மாலை மட்டும்
பெரிசா எதையும் இறக்காதே என்றேன்.